மினுக்கத்துக்கு ஆறாயிரம்

படகுக்காரர் சில்வெஸ்ரர், தில்லைநாதனுக்கு ஆறாயிரம் ரூபா கடன். கைமாற்றாக வாங்கியதும் அல்ல, வட்டிக்கு எடுத்ததும் அல்ல. மினுக்கத்துக்குத் தரவேண்டிய ஆறாயிரம்.

இதைக் கேட்டுச் சிரிக்கிற ஆட்கள் முதலில் தில்லைநாதன் யார் என்று தெரிந்துகொண்டு சிரிக்க வேண்டும். புங்குடுதீவு மடத்துவெளியில் பிறந்த மனிதர். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பு முழுவதையும் தனக்குத் தானே செய்துகொண்டார். பன்னிரண்டு வயதில் தெற்கே மாத்தறைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கிளாஸ் கழுவப் போனார். பதினெட்டு வயதில் அதே கடையின் காசு மேசையில் இருந்தார். இருபத்துநாலில் சொந்தக் கடை. இருபத்தைந்தில், கலவரத்தில் அந்தக் கடையை எரித்தார்கள். எரிந்த சாம்பலைப் பார்த்து அழுதுகொண்டு நின்றிருந்தால் அவர் தில்லைநாதன் இல்லையே. பிறகு லொறி ஓடினார், மிளகாய் வியாபாரம் செய்தார், வன்னியில் சைக்கிள் திருத்தினார். அறுபது வயதில், அவரோடு ஒத்தவர்கள் சாய்மனைக் கதிரையை வெயிலுக்கும் நிழலுக்குமாக இழுத்துக்கொண்டு திரிகிற வயதில், யாழ்ப்பாணம் போய்ப் பாவித்த கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கொண்டக்டர் அதற்கும் ஒரு ரிக்கற் எழுதினான். தில்லைநாதன் மறுபேச்சில்லாமல் காசு கொடுத்தார். தொழில் தொடங்குகிறவன் சில்லறைக்குச் சண்டை பிடிக்கக் கூடாது.

படங்களைத் திருத்துகிற மென்பொருள் ஒன்று அதற்குள் ஏற்கெனவே இருந்தது. எல்லாம் இங்கிலீசு. தில்லைநாதனுக்கு இங்கிலீசு கடைப் பெயர்ப்பலகை அளவுக்குத்தான் வரும். அதற்காக அவர் பின்வாங்கவில்லை. யூடியூப்பில் ஒரு வெளிநாட்டு மனிதர் பாடம் காட்டிக்கொண்டிருந்தார். எந்த நாடோ எந்தப் பாஷையோ, அது தேவையில்லை. அந்த மனிதருடைய அம்புக்குறி எங்கே போகிறது என்று தில்லைநாதன் விரல்விட்டு எண்ணினார். மேல்வரியில் மூன்றாவது, அதற்குள் கீழே ஏழாவது, அதற்குள் இரண்டாவது. மூன்று ஏழு இரண்டு என்றால் ஓரத்தை மங்கலாக்குவது. நாலு ஒன்பது ஒன்று என்றால் நிழல் விழுத்துவது. ஒரு மாதத்தில் முழு வாய்ப்பாடும் பாடமாகிவிட்டது. ஊருக்குப் பனரும் அறிவித்தல் பலகையும் செய்து கொடுக்கத் தொடங்கினார்.

ஒருநாள் அந்த மென்பொருள் தன்பாட்டில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ஒன்பதாவதாக இருந்தது பத்தாவதாகப் போனது. அது தெரியாமல் தில்லைநாதன் ஒருவருடைய முப்பத்தோராம் நாள் படத்துக்கு நிழல் போட, காலமானவர் தலைகீழாகத் திரும்பினார். இரண்டு நாள் பாடுபட்டுப் பழையதை மீட்டெடுத்த கையோடு, இணைய வயரைப் பிடுங்கிச் சுற்றி அலுமாரிக்கு மேல் எறிந்தார்.

"இனி நீ படிக்கத் தேவையில்லை," என்று கொம்பியூட்டருக்குச் சொன்னார். "எனக்குத் தெரிஞ்சது ரெண்டு பேருக்கும் காணும்."

அவருக்குத் தெரிந்தவற்றில் முதன்மையானது மினுக்கம். வெறும் வட்டம் ஒன்றைக் கீறுவார். அடிப்பக்கம் கருமையாகவும் மேலே போகப்போக வெளிச்சமாகவும் நிறம் ஊற்றுவார். அதற்கு மேல் கண்ணாடித் தாள் மாதிரி இன்னொரு தளம். அதில் வட்டத்தின் மேல்பாதியை மட்டும் வெள்ளையாக வெட்டி வைத்து, அந்த வெள்ளையை முக்கால்வாசி மங்க விடுவார். ஓரத்தை இளக்குவார். கீழே ஒரு நிழல். கடைசியாக மேலே இடதுபக்கத் தோளில், உளுந்தளவு ஒரு வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டு விழுந்தவுடன் தட்டையாகக் கிடந்த வட்டம் எழுந்து, இப்போதுதான் பாகில் தோய்த்தெடுத்த பண்டம்போலத் திரையில் உருண்டு நிற்கும். எத்தனை தரம் செய்தாலும் அந்தக் கணத்தில் தில்லைநாதன் நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்வார்.

வட்டத்தோடு அவர் நிற்கவில்லை. பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுப் பனரில் பிள்ளையின் பெயர் மினுங்கியது. வாசிகசாலை அறிவித்தலில் 'செருப்பைக் கழற்றவும்' மினுங்கியது. காலமானவர்களின் நெற்றிகூட மினுங்கியது. வேலணையில் ஒரு மனிசி தன் புருசனின் கண்ணீர் அஞ்சலிப் பனரைப் பார்த்துவிட்டு, "பாவம், வேர்த்துப்போய் நிக்கிறார்," என்று சேலைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். இதைவிட ஒரு தொழில்காரனுக்கு என்ன பட்டம் வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் அச்சடிக்கிற இடத்துப் பெடியன் மட்டும் ஒருநாள் வாயைக் கொடுத்தான். "ஐயா, உந்தப் பளபளப்பெல்லாம் பழசு. இப்ப உலகம் முழுக்கத் தட்டைதான்."

"தட்டைதான் வேணுமெண்டா அப்பளத்தை வாங்கி ஒட்டும் தம்பி," என்றார் தில்லைநாதன். பெடியன் அதற்குப் பிறகு அவருடைய கோப்புகளைக் கேள்வி கேட்காமல் அச்சடித்தான்.

குறை ஒன்றே ஒன்றுதான். தில்லைநாதன் பில் எழுதும்போது இரண்டு வரி எழுதுவார். அச்சுக்கும் சட்டத்துக்கும் இவ்வளவு, மினுக்கத்துக்கு இவ்வளவு. ஐந்து வருடமாக எழுதினார். ஐந்து வருடமாகச் சனம் மேல்வரிக்குக் காசு கொடுத்துக் கீழ்வரியை நகத்தால் கோடிழுத்துவிட்டுப் போனது. மொத்தமாக ஒரே வரியில் எழுதியிருந்தால் தந்திருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். ஆனால் மினுக்கத்தை அச்சுக்கூலிக்குள் ஒளித்து விற்க அவர் என்ன களவா எடுத்தவர்?

இந்த இடத்தில்தான் அவருடைய மனிசி மீனாம்பிகை வருகிறார். வீடு மீனாம்பிகையின் சீதன வீடு. காணி உறுதியில் அவருடைய பெயர்தான். கொம்பியூட்டர் இருந்த முன்னறையும் அதற்குள் அடக்கம்.

"இஞ்சேருங்கோ," என்றார் மீனாம்பிகை, புரட்டாதி மாதம் ஒரு நாள். "உந்த மினுக்கத்துக்கெண்டு இந்தத் தீவிலை ஒரு மனுசர் ஒரு தரம் காசு தரட்டும். முன்னறை உங்களுக்குத்தான், நான் கூட்டக்கூட வரமாட்டன். தை பிறக்கிறதுக்குள்ளை ஒருத்தரும் தராட்டி, அறைக்குள்ளை வெங்காயம் காயப்போடப் போறன்."

"வெங்காயமோ?"

"ஓம். வெங்காயத்துக்குச் சனம் காசு தருது."

கணக்குப் பிழை இல்லாத கதைக்குத் தில்லைநாதன் எதிர்க்கதை கதைப்பதில்லை. முன்னறைக்குள் போய்க் கதிரையைக் கொம்பியூட்டருக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் சில்வெஸ்ரர் வந்தார். மண்டைதீவுக்காரர். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு ஆள் ஏற்றுகிற படகு ஒன்று அவருக்கு இருந்தது. அது நேரத்துக்குப் போகிற படகு அல்ல. அறுபது தலை சேர்ந்தால் புறப்படும், சேராவிட்டால் நிற்கும். யாரோ மேலிடத்துக்கு எழுதிப்போட, நேரப் பலகை ஒன்று கட்டாயம் வைக்க வேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது.

"சும்மா பேருக்கு ஒரு பலகை அண்ணை. ஏழு நேரம் போட்டால் சரி," என்றார் சில்வெஸ்ரர்.

பேருக்கு ஒரு வேலை செய்ய தில்லைநாதனுக்குத் தெரியாது. ஏழு நேரத்துக்கும் ஏழு பொத்தான். ஒவ்வொன்றும் பச்சை. உள்ளுக்குள் விளக்கு எரிகிற மாதிரி ஒரு பச்சை. மேலே கண்ணாடி வெளிச்சம், கீழே நிழல், தோளில் பொட்டு. நாலு நாள் இருந்து செய்தார். தகரத்தில் ஒட்டிச் சட்டம் போட்டு வந்த பலகையைத் துறையில் நிமிர்த்தியபோது, கடலே அதற்குப் பக்கத்தில் அழுக்காகத் தெரிந்தது.

பில்லும் வந்தது. அச்சும் சட்டமும் பதினாலாயிரம். மினுக்கம் ஆறாயிரம்.

சில்வெஸ்ரர் பதினாலை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பலகையை உள்ளங்கையால் மேலிருந்து கீழ்வரை தடவினார். "எங்கையண்ணை மினுக்கம்? தட்டையாக் கிடக்கே."

"கண்ணாலை பாக்கிறதைக் கையாலை தேடினா எப்பிடி அம்பிடும்?"

"படகுக்கு வார்னிஷ் அடிச்சாக் கையிலை ஒட்டுது. உங்கட மினுக்கம் ஒட்டேல்லை. இல்லாத சாமானுக்கு நான் எப்பிடிக் காசு தாறது?"

"இல்லையெண்டு சொல்லுறீரோ?"

"தடவிப் பாத்துத்தானே சொல்லுறன். இல்லை."

அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். தில்லைநாதன் பில்லை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். "நல்லது. இல்லாத சாமான் என்ன செய்யுதெண்டு பாருமன்," என்றுவிட்டு சைக்கிளில் ஏறினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேதீஸ்வரி அக்கா துறைக்கு வந்தார். வெள்ளி தவறாமல் நயினாதீவு அம்மனிடம் போகிற மனிசி. பலகையைப் பார்த்தார். ஒன்பதரை என்று எழுதிய பொத்தான் பச்சையாக உப்பிக்கொண்டு நின்றது. வீங்கி நிற்பதைக் கண்டால் அமத்திப் பார்க்காத விரல் உலகத்தில் உண்டா? அமத்தினார். அதே நேரம் அறுபதாவது ஆள் ஏற, படகு உறுமிக்கொண்டு புறப்பட்டது. நேரம் ஒன்பதரை.

"பாத்தியளே," என்றார் கேதீஸ்வரி அக்கா படகுக்குள் இருந்த அத்தனை பேருக்கும். "இப்ப முந்தி மாதிரி இல்லை. அமத்தினால் வெளிக்கிடுகுது."

அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் அமத்தாமல் யாரும் ஏறுவதில்லை என்றாகிவிட்டது. ரிக்கற் எடு, பலகைக்குப் போ, உன்னுடைய நேரத்தை அமத்து, பிறகு இரு. சிலர் இரண்டு தரம் அமத்தினார்கள், அவசரம் என்று. நேர்த்திக்கடனுக்கு வந்த ஒரு குடும்பம் பொத்தான்களுக்குச் சந்தனம் வைத்துவிட்டுப் போனது.

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு மனிதரால்தான் சிக்கல் தொடங்கியது. அவருக்கு வீதியைக் கடக்கவும் பொத்தான், கதவைத் திறக்கவும் பொத்தான் என்று பழக்கம். காலை எட்டே முக்காலுக்கு வந்தவர், மனிசி வெளிக்கிட்டு வரச் சுணங்கும் என்று, பதினொன்றை அமத்திவிட்டுக் குந்தினார். பிறகு வந்த கேதீஸ்வரி அக்கா ஒன்பதரைக்கு விரலை நீட்டினார்.

"அக்கா, அமத்தாதேங்கோ!" என்றார் கனடாக்காரர். "நான் பதினொண்டு அமத்திட்டன். பாருங்கோ, பச்சை எரியுது. ரெண்டை ஒண்டா அமத்தினா உள்ளுக்கை வயர் பத்தும்."

அக்கா விரலை மடக்கினார். ஒன்பதரைக்கு அறுபத்தெட்டுப் பேர் துறையில் இருந்தார்கள். படகு காலியாக ஆடிக்கொண்டு நின்றது.

"ஏறுங்கோ! ஏறுங்கோவன்!" சில்வெஸ்ரர் தொண்டை கிழியக் கத்தினார்.

"எப்பிடித் தம்பி ஏறுறது?" என்றார் கேதீஸ்வரி அக்கா. "பதினொண்டெல்லே அமத்திக் கிடக்கு."

"ஐயோ, அது படம்!"

"படமெண்டால் ஏன் மினுங்குது?"

சில்வெஸ்ரர் ஓடிப்போய் ஒன்பதரையைத் தானே அமத்தினார். அதுவும் சரிவரவில்லை. "படகுக்காரர் அமத்தினாச் செல்லாது," என்று சனம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "சனம்தான் அமத்த வேணும். அதுக்குத்தானே வெளியிலை வச்சிருக்கு." பக்கத்தில் நின்ற யாகப்புவின் படகுக்குக் கடிதமும் வரவில்லை, பலகையும் இல்லை. அவசரக்காரர் இருபது பேர் அதில் ஏறிப்போனார்கள். மிச்சம் நாற்பத்தெட்டுப் பேரும் சட்டம் தெரிந்தவர்களாகப் பதினொரு மணிவரைக்கும் காத்திருந்தார்கள்.

சில்வெஸ்ரர் ஒரு கடதாசியில் 'இது படம், அமத்த வேண்டாம்' என்று எழுதி ஒட்டினார். வந்தவர்கள் வாசித்துவிட்டு, "சிச், பழுதாப் போச்சு," என்று யாகப்புவின் படகில் ஏறினார்கள். கடதாசியைக் கிழித்துவிட்டு, மரம் தேய்க்கிற தாளை எடுத்து ஏழு பொத்தானையும் ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்தார். பச்சை அங்கங்கே உரிந்தது. அடுத்தநாள் சனம் அதைப் பார்த்து மரியாதையோடு தலையாட்டியது. "எவ்வளவு பேர் அமத்தியிருக்கினம், தேஞ்சு போச்சு." கடைசியில் பலகையையே கழற்றி மறைத்து வைத்தார். அன்றைக்கு ஒருவருமே ஏறவில்லை. சுவிச்சைக் கழற்றிவிட்டு ஓடுகிற படகில் பிள்ளை குட்டியோடு எப்படி ஏறுவது என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது.

யாகப்பு இரண்டாவது படகு வாங்க விலை விசாரிக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றுதான், மார்கழி நடுப்பகுதியில், சில்வெஸ்ரர் பலகையை ஓட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு மடத்துவெளிக்கு வந்தார். மீனாம்பிகை முன்னறையில் அளவுநாடாவோடு நின்றார். வெங்காயத்துக்கு எத்தனை சாக்கு விரிக்கலாம் என்று அளந்துகொண்டிருந்தார். தில்லைநாதன் நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மானம் அந்த நேரத்தில் அந்த நுனியில்தான் தொங்கியது.

"அண்ணை," என்றார் சில்வெஸ்ரர். "இந்த மினுக்கத்தை ஒருக்கா எடுத்துவிடுங்கோ."

தில்லைநாதன் நாடாவை விடவில்லை. "எந்த மினுக்கம்?"

"இதிலை இருக்கிற மினுக்கம்."

"தடவிப் பாத்தனீரோ?"

சில்வெஸ்ரர் தலையைச் சொறிந்தார். மீனாம்பிகை நாடாவை மெல்லச் சுருட்டத் தொடங்கினார்.

"இல்லையெண்டு அண்டைக்கு நாலு பேருக்கு முன்னாலை சொன்னனீர்," என்றார் தில்லைநாதன். "இல்லாததை நான் எங்கையிருந்து எடுக்கிறது? எனக்குப் படிப்புக் குறைவு. நீர்தான் சொல்லித் தாரும்."

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. ஒரு நாளைக்கு ரெண்டு நடை குறையுது எனக்கு."

"எடுத்துவிட்டாச் சனம் ஏறுமோ?"

சில்வெஸ்ரர் யோசித்தார். பலகை இல்லாத நாளை நினைத்தார். "ஏறாது," என்று ஒத்துக்கொண்டார். "இருந்தாலும் ஏறாது, இல்லாட்டியும் ஏறாது. விசர் பிடிக்குது."

தில்லைநாதன் கதிரையில் இருந்து, கொம்பியூட்டரை முடுக்கிவிட்டார். வாழ்நாள் முழுக்க மற்றவன் முடியாது என்று விட்ட இடத்திலிருந்துதான் அவர் தொழில் தொடங்கியிருக்கிறார். திரையில் ஒரு வட்டம் விழுந்தது. சிவப்பு. மூன்று ஏழு இரண்டு. நாலு ஒன்பது ஒன்று. ஏழு பச்சைக்கும் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக. அதற்குள் எழுதினார்: 'உடனே.'

"இதை மட்டும் எந்த நேரமும் அமத்தலாம்," என்றார். "இதை அமத்தினா மற்றது எல்லாம் ரத்து. அறுபது தலை சேர்ந்த உடனை ஆராவது ஒரு பயணியைக் கூப்பிட்டு அமத்தச் சொல்லும். நீர் அமத்தக்கூடாது, அது செல்லாது."

சில்வெஸ்ரர் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். அந்தச் சிவப்பில் அவருடைய கண் ஒட்டிக்கொண்டது. வலது கை தன்பாட்டில் எழும்பி, திரையை நோக்கிப் போய், ஒரு விரலால் மெல்ல அமத்தியது.

"என்ன?" என்றார் தில்லைநாதன்.

"ஒண்டுமில்லை." விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, பெண் கேட்டு வந்தவர் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, சனம் பச்சைக்குப் பழகிப்போச்சு. இந்தச் சிவப்பு எடுபட வேணும். மற்றதுகளைவிடக் கொஞ்சம் கூடுதலா மினுக்கம் போட்டுத் தாங்கோ."

மீனாம்பிகையின் கையில் அளவுநாடா முழுதாகச் சுருண்டுவிட்டிருந்தது.

"என்ன கேட்டனீர்?" என்றார் தில்லைநாதன்.

"கூடுதலா மினுக்கம்."

"என்னத்தைவிடக் கூடுதலா?"

"இப்ப இருக்கிற மினுக்கத்தைவிட."

"இருக்குதோ?"

சில்வெஸ்ரர் மீனாம்பிகையைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து உதவி ஒன்றும் வரவில்லை. "இருக்குது, தம்பி," என்றார் மீனாம்பிகை. "எனக்கும் இஞ்ச நிண்டே தெரியுது. இருக்கிற சாமானுக்குக் காசைக் குடுத்திட்டுத்தானே மனுசர் கூடுதலாக் கேக்கிறது."

தில்லைநாதன் சேட்டுப் பையிலிருந்து பழைய பில்லை எடுத்து, மடிப்பை நீவி, கீழ்வரி மேலே தெரியும்படி மேசையில் வைத்தார். பிறகு வலது கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார். கிளாஸ் கழுவி, லொறி ஸ்ரியறிங் பிடித்து, சைக்கிள் செயின் இழுத்த கை.

சில்வெஸ்ரர் மடியை அவிழ்த்து ஆயிரம் ரூபாத் தாள்களை எடுத்தார்.

"எதுக்கெண்டு சொல்லிச் சொல்லி எண்ணும்," என்றார் தில்லைநாதன்.

"அண்ணை!"

"எண்ணும்."

"ஒண்டு," என்றார் சில்வெஸ்ரர். "மினுக்கத்துக்கு."

"ம்."

"ரெண்டு. மினுக்கத்துக்கு. மூண்டு, மினுக்கத்துக்கு. நாலு."

"நாலு எதுக்கு?"

"மினுக்கத்துக்கு அண்ணை, மினுக்கத்துக்கு. அஞ்சு, மினுக்கத்துக்கு."

கடைசித் தாள் உப்புத்தண்ணீர் பட்டு நமுத்துப்போய், மடிக்குள் வேறொரு தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சில்வெஸ்ரர் அதை நகத்தால் கவனமாகப் பிரித்து, தொடையில் வைத்து நீவி, விரித்தபடி காத்திருந்த அந்த உள்ளங்கையில் வைத்தார்.

"ஆறு," என்றார். "மினுக்கத்துக்கு."